தண்ணியில கழுவி வர்ற புகை: டவுனுக்கு ஹூக்கா கடை வந்தால் சட்டம் எதைப் பார்க்கும்?

இலங்கை மலையகத்தில், எங்கள் டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, முன்பு துணிக்கடை இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹூக்கா கடை வருகிறதாம். போர்ட் இன்னும் ஏறவில்லை. ஆனால் கீழே தேத்தண்ணிக் கடையில் வழக்கு நடந்து தீர்ப்பும் வந்துவிட்டது. "பொது இடத்தில சிகரெட் குடிச்சா பிடிக்கிறாங்களே, இதுக்கு மட்டும் எப்படி விடுவாங்க?" என்றார் ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர். "இது சிகரெட் இல்லையே சேர், சட்டத்தில வராது" என்றான் ஓட்டோக்காரப் பையன். கடை முதலாளி இரண்டு பேரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அது தண்ணியில கழுவி வர்ற புகை தம்பி. ஆவி பிடிக்கிற மாதிரிதான். ஒண்ணும் செய்யாது."

மூன்று பேர் சொன்னதும் முழுசாகச் சரியில்லை. ஆனால் மூன்றையும் நாடு முழுக்கப் பலர் நம்புகிறார்கள். எது எங்கே பிசகுகிறது என்று விளங்க வேண்டுமானால், முதலில் அந்தச் சாமானைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சட்டம் அப்புறம்.

நான் அதைக் கற்றுக்கொண்டது என் சின்னம்மாவிடம். குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்தவர். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் ஹூக்காவைக் கண்ணால் காணாத காலத்திலேயே, தினமும் மாலையில் அதைக் கழுவி, பூட்டி, கரி பற்றவைத்து மேடத்தின் முன்னால் வைத்தவர். அங்கே அதற்கு ஷீஷா என்று பெயர். பழைய தமிழ் அகராதிகளில் உக்கா என்று இருக்கிறது. ஆக, நம் மொழிக்குப் புதிய சாமான் இல்லை, நம் டவுனுக்குத்தான் புதிது.

மேலே ஒரு மண் கிண்ணம். அதற்குள் புகையிலை. கிண்ணத்தின் வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் ஓட்டை போடுவார்கள். தாளின் மேல் எரியும் கரித்துண்டு. கிண்ணத்துக்குக் கீழே ஒரு நீளத் தண்டு இறங்கும். தண்டின் அடி நுனி, கண்ணாடிக் குடுவையில் உள்ள தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். குடுவையின் கழுத்தருகே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இன்னொரு துளை இருக்கும், அதில்தான் வாய்க்குழாய் பொருந்தும். குழாயை இழுத்தால் குடுவைக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப, மேலேயிருந்து காற்று கரியைத் தாண்டி, சூடேறி, புகையிலைக்குள் புகுந்து, தண்டு வழியாக இறங்கி, தண்ணீரில் குமிழி விட்டு மேலே வந்து குழாய்க்குள் ஏறுகிறது. குடு குடு என்று சத்தம் கேட்பது அதனால்தான்.

உள்ளே போடும் புகையிலையும் நாம் அறிந்த புகையிலை மாதிரி இராது. வெற்றிலையோடு போடும் யாழ்ப்பாணப் புகையிலை காய்ந்த சருகு. இது ஈரமாக, ஒட்டும் பதத்தில், கித்துள் பாணியில் ஊறவைத்தது போல இருக்கும். அரபியில் முஅஸ்ஸல், அதாவது தேனிட்டது. தேன் அல்லது வெல்லப்பாகு, கிளிசரின், ஆப்பிள், புதினா, திராட்சை வாசனை எல்லாம் சேர்ந்து பெரும் பங்கு, புகையிலை சிறு பங்கு. 1990களில் இந்த வகை கடைக்கு வந்த பிறகுதான், மத்திய கிழக்கில் கிழவர்களின் பழக்கமாக இருந்த ஹூக்கா இளைஞர்களின் பழக்கமானது. பழைய உக்காவின் காட்டம் தாங்காத தொண்டைக்கும் ஆப்பிள் வாசனை இறங்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். சிகரெட்டில் புகையிலையே எரிகிறது. ஹூக்காவில் உண்மையில் எரிவது கரி. புகையிலை அந்தச் சூட்டில் வெந்து கருகுகிறது. எனவே குழாய் வழியாக வருவது ஒரு புகை இல்லை, இரண்டு. புகையிலைப் புகை ஒன்று, கரிப் புகை ஒன்று.

இனி முதலாளியின் தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் ஏதோ ஒரு வேலை செய்யத்தான் செய்கிறது. புகையைக் குளிர்விக்கிறது, ஈரமாக்குகிறது. நிக்கொட்டினில் கொஞ்சம் தண்ணீரில் தங்கியும் விடுகிறது. ஆனால் புகையில் உள்ள நச்சுகளில் பெரும்பகுதி வாயுவாகவும் மிக நுண்ணிய துகளாகவும் குமிழிக்குள் இருக்கிறது. குமிழி தண்ணீரைத் தொடுவது அதன் தோலில் மட்டும்தான், உள்ளே இருப்பது அப்படியே மேலே வந்துவிடும். துணி துவைப்பது போலப் புகையைத் துவைக்க முடியாது. தண்ணீர் செய்கிற பெரிய வேலை, எரிச்சலை எடுத்துவிடுவது. சிகரெட் பிடிக்கத் தெரியாதவர் முதல் இழுப்பிலேயே இருமுவார். அது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. ஹூக்காவில் அந்த எச்சரிக்கை வராததால் ஆழமாக இழுக்கிறார், நீண்ட நேரம் இழுக்கிறார்.

எவ்வளவு நேரம்? ஒரு சிகரெட் ஐந்து, ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். ஹூக்காவுக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலம் சர்வ சாதாரணம். ஒரு சிகரெட்டில் உள்ளே போகும் புகை ஏறத்தாழ அரை லீற்றர். ஒரு மணித்தியால ஹூக்காவில் 200 இழுப்பு வரை போகும், உள்ளே போகும் புகை 90 லீற்றர் அளவுக்கு வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்பில் வரும், பலர் மேற்கோள் காட்டும் "நூறு சிகரெட்" ஒப்பீடு இந்தப் புகையின் கொள்ளளவைப் பற்றியது. அதை நூறு மடங்கு நஞ்சு என்று சொல்லிப் பயமுறுத்துவது தப்பு. எந்த நச்சு எத்தனை மடங்கு என்பது பொருளுக்குப் பொருள் மாறும். நிக்கொட்டினில் பெரிய பெருக்கம் இல்லை. கரியிலிருந்து வரும் ஒன்றில்தான் நிலைமை மோசம்.

அந்த ஒன்று காபனோரொட்சைட்டு. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த ஞாபகம் இருக்கும். ஒட்சிசன் போதாமல் கரி எரியும்போது வரும் வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் லேசில் விடாது. பஸ்ஸில் உட்கார வந்த ஆளுக்கு இடம் கொடுக்காமல் சீட்டில் கட்டையைப் போட்டுப் படுத்துக்கொள்கிற ஆள் மாதிரி. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண் இருட்டுவது எல்லாம் இதன் வேலை. ஹூக்கா இழுத்துவிட்டு மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் பற்றிப் பல நாட்டு மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. லேசாகத் தலை சுற்றுவதை "கிக்" என்று நினைத்துக்கொண்டு இன்னும் ரெண்டு இழுப்பு இழுப்பவர்களும் உண்டு.

மலையில் இருக்கும் நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கரியையும் மூடிய அறையையும் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. குளிருக்காகத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஹூக்கா கடையில் நடப்பதும் அதுவேதான். மேசைக்கு ஒரு தணல் சட்டி, அதுவும் விடிய விடிய. கொழும்பில் ஒரு கடை வாசலைத் திறந்துபோட்டு, காற்றாடியைச் சுழலவிட்டு நடத்தலாம். நுவரெலியாவில், டிசெம்பர் ராத்திரியில், எந்த முதலாளி ஜன்னலைத் திறப்பார்? வாடிக்கையாளர் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு "அண்ணன், அந்தக் கதவைச் சாத்துங்க" என்பார். சாத்திவிடுவார்கள். மேலும், நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஏற்கெனவே ஒட்சிசன் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கிறது. அதன்மேல் காபனோரொட்சைட்டு வந்து உட்கார்ந்தால், கொழும்பிலிருந்து சீசனுக்கு வந்த ஆளுக்கு இன்னும் சீக்கிரமாகத் தலை சுற்றும்.

"இதில் புகையிலையே இல்லை, மூலிகைதான்" என்ற பதிலும் வரும். இப்படிப்பட்ட கலவை உண்மையிலேயே கிடைக்கிறது. கரும்புச் சக்கையிலோ தேயிலையிலோ வாசனை சேர்த்துச் செய்கிறார்கள். (தேயிலையை இழுத்துப் பணம் பண்ணலாம் என்று தெரிந்திருந்தால் கம்பெனிகள் இந்நேரம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் அதற்கும் ஆள் பிரித்திருப்பார்கள்.) நிக்கொட்டின் இல்லாததால் அடிமையாகும் ஆபத்து குறையும், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கரி அதே கரிதான். எந்த இலையைக் கருக்கினாலும் தார் வரும். பரிசோதனைக் கூடங்களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நிக்கொட்டினைத் தவிர்த்து மற்ற நச்சுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வந்தன.

உடம்பைப் பொறுத்தவரை "மூலிகை" என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பு இல்லை. சட்டத்தைப் பொறுத்தவரை அதற்கு நிறைய மதிப்பு இருக்கிறது. ஓட்டோக்காரப் பையனின் வாதத்துக்கு இனி வரலாம்.

இலங்கையில் இந்த விஷயத்துக்கு அடிப்படை, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2003இல், உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிசெய்துவிட்டது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதலில் உறுதிசெய்த நாடு நாம்தான். அந்த உடன்படிக்கை புகையிலைப் பொருளுக்குக் கொடுக்கும் வரையறை எளிமையானது: முழுக்கவோ ஓரளவோ புகையிலை இலையை மூலப்பொருளாகக் கொண்டு, புகைக்க, உறிஞ்ச, மெல்ல, மூக்கில் இழுக்கச் செய்யப்பட்டது எதுவும் புகையிலைப் பொருள். தாளில் சுற்றியிருக்கிறதா, தண்ணீர் வழியாக வருகிறதா என்பது கேள்வியே இல்லை. நமது சட்டமும் சிகரெட்டை மட்டும் குறிவைத்து எழுதப்பட்டது அல்ல, புகையிலைப் பொருள் என்றுதான் பேசுகிறது. கிண்ணத்தில் கொஞ்சம் புகையிலை இருந்தாலும் பையனின் வாதம் விழுந்துவிடும். உண்மையிலேயே ஒரு துளியும் இல்லை என்றால், இந்தச் சட்டத்தின் பிடி தளரும். அதனால்தான் "எங்களிடம் மூலிகை மட்டும்" என்ற வாசகத்தை வாய்வார்த்தையாக விட்டுவிடக் கூடாது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, அது எப்படி இறக்குமதியானது என்று பார்க்க வேண்டும்.

பெட்டி என்றதும் இன்னொன்று. நம் நாட்டுச் சிகரெட் பெட்டியில் 80 சதவீத இடத்தைப் படத்தோடு கூடிய எச்சரிக்கை பிடித்திருக்கிறது. பிடிப்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தப் புண்ணையும் நுரையீரலையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஹூக்கா கடையிலோ புகையிலைப் பெட்டி சமையலறை ராக்கையில் இருக்கிறது. மேசைக்கு வருவது பளபளக்கும் கண்ணாடிக் குடுவை மட்டும். 2016இல் வந்த ஒழுங்குவிதி சுவையூட்டிய, இனிப்பூட்டிய சிகரெட்டுகளைத் தடை செய்தது. இளசுகளை இழுப்பது அந்த இனிப்புதான் என்பதே காரணம். அதே இனிப்பு, அதே வாசனை, வேறு பாத்திரத்தில் வருகிறது என்றால் சும்மா இருப்பதா என்று மாஸ்டர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த விதியின் வாசகம் சிகரெட் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

சரி, மாஸ்டரின் முதல் வாதத்தைப் பார்ப்போம். பொது இடத்தில் தடை என்றால் கடையே வைக்க முடியாது என்று அவர் நினைக்கிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது பிடிக்கும் சொல் "மூடிய பொது இடம்". ஆஸ்பத்திரி, வங்கி, தபால் கந்தோர், நூலகம், கடை, அலுவலகம் போலப் பொதுமக்கள் வந்து போகும் மூடிய இடங்களில் புகைக்கக் கூடாது. புகைப்பவர் மட்டும் குற்றவாளி இல்லை, அங்கே புகைக்க இடம் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார். இதற்கு விலக்கும் வைத்திருக்கிறார்கள். 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல், குறைந்தது 30 பேர் உட்காரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவை, போதிய காற்றோட்டத்தோடு தனி இடம் ஒன்றைப் புகைப்பதற்கு ஒதுக்கலாம்.

பெரும்பாலானவர்கள் இந்த விலக்கைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 30 கதிரை இருந்தால் கடை முழுக்கப் புகைக்கலாம் என்பது அதன் பொருள் இல்லை. 30 கதிரை உள்ள உணவகம் தனக்குள் ஒரு மூலையைப் பிரித்து வைக்கலாம், மற்ற இடம் புகையில்லாத இடமாக இருக்க வேண்டும். ஹூக்கா கடையில் மற்ற இடம் எது? எல்லா மேசையிலும் குடுவை நிற்கிற கடைக்கு, புகையில்லாத பகுதி என்று காட்ட கழிவறையும் காசு வாங்கும் மேசையும்தான் மிஞ்சும். விலக்கை எழுதியவர்கள் சாப்பாட்டுக் கடையை மனதில் வைத்து எழுதினார்கள், புகையையே பரிமாறும் கடையை நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

காற்றோட்டம் என்ற சொல்லையும் அப்படியே விழுங்கிவிட வேண்டாம். புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரைக்கு 2007இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டலில், காற்றோட்டமோ வடிகட்டியோ தனி அறையோ புகையிலிருந்து முழுப் பாதுகாப்புத் தராது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நம் சட்டம் அதற்கு ஒரு வருடம் முந்தியது. அதில் இருக்கும் 30 அறை, 30 கதிரை ஓட்டை இன்றைக்கும் அடைபடாமல் இருக்கிறது.

எது மூடிய இடம், எது திறந்த இடம் என்பதில்தான் மலையில் சண்டை வரும். எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கம் போனால் தெரியும். மொட்டைமாடியில் கூரைத் தகரம், மூன்று பக்கமும் பாதிச் சுவர், மிச்சத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் திரை. வெயில் நேரத்தில் திரையைச் சுருட்டிக் கட்டினால் அது மலைக்காட்சி பார்க்கும் திறந்த பல்கனி. நாலு மணிக்குப் பனி இறங்கியதும் திரையை அவிழ்த்துவிட்டால், அதே இடம் நாலு பக்கமும் அடைத்த அறை. "எங்களுடையது ஓப்பன் டெரஸ்" என்று சொல்லும் முதலாளி பகலில் பொய் சொல்லவில்லை. அதிகாரி பகலில் வந்து பார்த்துவிட்டுப் போனால் அவர் எழுதும் அறிக்கையும் பொய் இல்லை. புகை மட்டும் ராத்திரியில் உள்ளேயே நிற்கும்.

எங்கள் டவுன் கட்டடத்தின் கதை இன்னும் வேறு. இரண்டாம் மாடியில் ஹூக்கா, மூன்றாம் மாடியில் டியூஷன் வகுப்பு. நடுவில் ஒரு மாடிப்படி. பழைய துரை பங்களாக்களில் சிம்னி எப்படி வேலை செய்யும் என்று பார்த்திருப்பீர்கள். சூடான காற்று மேலே போகும், வழி எங்கே இருக்கிறதோ அங்கே போகும். குளிர்ந்த ஊரில், சூடான கடையிலிருந்து மாடிப்படி வழியாகப் புகை ஏறிப் போகும் இடம் அந்த வகுப்பறை. அங்கே பிள்ளைகள் ஓ.எல். கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கடைக்குள் 30 கதிரையா 40 கதிரையா என்பது அவர்களுடைய மூச்சைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

வயது விஷயத்தில் சட்டம் சுற்றி வளைக்கவில்லை. 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பதினெட்டு இல்லை, இருபத்தொன்று. வாக்குப் போட்டுவிட்ட பையனுக்கும் ஹூக்கா கொடுக்கக் கூடாத காலம் மூன்று வருடம் இருக்கிறது. புகையிலை விளம்பரத்துக்கும் இலவச விநியோகத்துக்கும் தடை உண்டு. "பிறந்தநாள் கேக்கோடு ஒரு ஹூக்கா இலவசம்" என்று முகநூலில் படம் போடும் கடை, கிண்ணத்தில் புகையிலை இருந்தால், ஒரே பதிவில் இரண்டு தவறு செய்கிறது.

இவ்வளவு பேச்சிலும் ஒரு ஆளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மேசைக்கு மேசை கரி கொண்டுபோகும் பையன். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவிலும், வருடம் முழுக்க எல்லயிலும் பண்டாரவளையிலும் ஹோட்டல் வேலைக்கு யார் போகிறார்கள்? ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள்தான். வாடிக்கையாளர் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பிப் போவார். இந்தப் பையன் மாலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவு வரை அங்கேயே நிற்பான். அடுப்பில் கரி பற்றவைப்பது அவன். தணிந்த கரியை இடுக்கியால் எடுத்துப் புதுக் கரி வைப்பது அவன். பல கடைகளில் குடுவையை மேசைக்கு அனுப்பும் முன் நன்றாகப் புகை வருகிறதா என்று நாலு இழுப்பு இழுத்துப் பார்ப்பதும் அவன்தான். ராத்திரிக்கு இருபது குடுவை போனால் எண்பது இழுப்பு. அவன் புகைப்பவன் என்று எந்தக் கணக்கிலும் வராது. நியூயோர்க் நகரில் ஹூக்கா கடை ஊழியர்களைப் பரிசோதித்தபோது, வேலைக்கு வரும்போது இருந்ததை விட வேலை முடிந்து போகும்போது அவர்கள் மூச்சில் காபனோரொட்சைட்டு கூடியிருந்தது.

சின்னம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "மேடம் வீட்டில வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தா அஞ்சாறு ஷீஷா போகும். கரி பத்த வச்சுக் குடுத்திட்டு குசினியில வந்து படுத்தா தலை பிளக்கும். சமையல் சூடுன்னு நினைச்சுக்கிட்டு பெனடோல் போட்டிருக்கேன், எத்தனை வருசம்!" என்றார்.

மூடிய இடத்தில் தடை என்ற சட்டம் பிறந்ததே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். புகைப்பவரைத் திருத்துவது அதன் முதல் வேலை இல்லை. தன் காசில், தன் விருப்பத்தில் ஒருவர் புகைக்கிறார் என்றால் அது அவர் பாடு என்று விட்டுவிடலாம், நானும் அதில் பெரிதாகத் தலையிட மாட்டேன். சம்பளத்துக்காக அந்தப் புகைக்குள் நிற்பவருக்கு அந்த விருப்பம் இல்லை. மேல்மாடிப் பிள்ளைக்கும் இல்லை.

தொற்று நோய் பற்றியும் ஒரு வரி. ஒரே குழாய் நாலு வாய்க்குப் போகிறது. பிளாஸ்டிக் வாய்முனையை மாற்றிவிடுவார்கள், நீளக் குழாயின் உட்புறத்தை யார் கழுவுகிறார்கள்? காசநோய் போன்றவை இப்படிப் பரவக்கூடும் என்ற எச்சரிக்கை உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்பிலேயே இருக்கிறது.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்? சிங்கப்பூர் 2014இல் ஷீஷா இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை கொண்டுவந்து, ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களுக்கு 2016 ஜூலை வரை அவகாசம் கொடுத்தது. தமிழ்நாடு 2022இல் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேற்றி ஹூக்கா பார்களையே தடை செய்தது. அமெரிக்காவில் பல ஊர்களில் நேர்மாறு. சாப்பாட்டுக் கடையில் புகைக்கத் தடை, புகையிலை விற்கும் கடைக்கு விலக்கு. அதனால் ஹூக்கா கடைக்காரர்கள் தங்களைப் புகையிலைக் கடை என்று பதிந்துகொண்டார்கள். இங்கே அதே ஆள் தன்னை உணவகம் என்று பதிந்துகொள்வார்.

அப்படிப் பதிவதற்கு அவர் போக வேண்டிய இடம் நகர சபை அல்லது பிரதேச சபை. வருடா வருடம் வர்த்தக உரிமம் அங்கேதான். உணவகம் என்றால் பொது சுகாதாரப் பரிசோதகர், நாம் பி.எச்.ஐ. என்று கூப்பிடுகிறவர், இடத்தைப் பார்த்து எழுதுவார். புகையிலைச் சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் பொலிஸுக்கும் மதுவரி அதிகாரிகளுக்கும் பி.எச்.ஐ.க்கும் உண்டு. சாராயமும் விற்பதாக இருந்தால் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேறு வேண்டும், உணவக உரிமத்தை நீட்டிக் காட்டித் தப்ப முடியாது. திறந்த பிறகு புகை பக்கத்து வீட்டுக்கு வருகிறது என்றால், பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இருக்கிறது. ஆனால் அது நீண்ட வழி. உரிமம் கொடுக்கும் முன் ஒரு கடிதம் கொடுப்பது சுலபம். கடிதத்தில் "கலாசாரச் சீரழிவு" என்று இரண்டு பக்கம் எழுதினால் கோப்புக்குள் போய்த் தூங்கும். எத்தனை கதிரை, புகைக்கும் இடம் எது, புகையில்லாத இடம் எது, திரை அவிழ்த்தால் காற்று எந்த வழியாகப் போகும், கிண்ணத்தில் போடும் பெட்டியின் பெயர் என்ன, கரி பற்றவைக்கும் ஆளுக்கு வயது என்ன என்று கேட்டு எழுதினால், யாராவது போய்ப் பார்த்துப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

சில ஊர்களில் கடைக்காரர்களே கூடிப் பேசிச் சிகரெட் விற்பதை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் டவுனிலும் பள்ளிக்கூடப் பக்கத்து வரிசையில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அது நல்ல காரியம். ஆனால் ஏற்பாடு ஏற்பாடுதான், சட்டம் இல்லை. புதிதாக வரும் முதலாளியை அதைக் காட்டிக் கட்டுப்படுத்த முடியாது. வேண்டுமானால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துப் பேசிப் பார்க்கலாம்.

நேற்றுத் தேத்தண்ணிக் கடையில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாஸ்டர் தாள் கேட்டு வாங்கி கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார். முதலாளி நம்பவில்லை, ஆவி பிடிக்கிற கதையிலேயே நின்றார். ஆனாலும் இன்று காலை நான் போனதும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேல ஏறிப் பார்த்தேன் தம்பி. இருபத்தாறு கதிரைதான் வந்திருக்கு. மத்தியானம் இன்னொரு லொறி வருதாம்."